பிரேக்கம்மாவுக்குக் கோபம் திரும்பி வந்த விதம்

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்கிறவரின் காலடியில் இருக்கும். அது பெரும்பாலும் அலங்காரத்துக்கு. இன்னொன்று பக்கத்து இருக்கையில் இருக்கும் பயிற்சியாளரின் காலடியில் இருக்கும். சாலையில் போகிற உயிர்கள் நம்பியிருப்பது அதைத்தான். இந்தக் கதைக்குரிய பெண்மணி வேலை பார்த்த பயிற்சிப் பள்ளிக் காரில் மூன்றாவது பிரேக்கும் இருந்தது. அது அவள் தொண்டையில் இருந்தது. அவள் ஒரு சத்தம் போட்டால் பயிற்சிக் கார் மட்டுமல்ல, முன்னால் போகிற பஸ், எதிரே வருகிற லாரி, ஓரமாக நடக்கிற நாய் எல்லாமே நிற்கும். அதனால்தான் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பள்ளியின் வாசலில் "பொறுமையாகக் கற்றுத் தரப்படும்" என்று ஒரு பலகை உண்டு. அது அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பு எழுதியது. முதலாளி அதை அழிக்கவில்லை. பெயிண்டர் கேட்ட கூலி அதிகம் என்றார்.

"கிளட்ச்சை மிதிங்க! மிதிங்கன்னு சொல்றேன்ல? அது என்ன உங்க மாமனாரா, கால் படக் கூச்சப்படறீங்க?"

"கண்ணாடியைப் பாருங்க! தலை சீவறதுக்கில்ல, பின்னாடி வண்டி வருதான்னு பார்க்கறதுக்கு!"

இப்படித்தான் பல வருஷமாக அவள் பாடம் நடத்தினாள். அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள் உண்டு. ஆனால் அவளிடம் கற்றவர்கள் யாரும் மின்கம்பத்தை இடித்ததாகப் பேச்சில்லை. இடிக்கப் போகும்போதே அந்தக் குரல் காதுக்குள் கேட்டுவிடும் என்று சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் பொறுமை வந்தது. அது ஞானத்தினால் வந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் குளிர் வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் காரில் ஏசியை அணைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஓட்டுகிறவர்கள் வியர்வையில் ஸ்டியரிங் வழுக்க வழுக்க ஓட்டினார்கள். பிறகு எடை ஏறியது. சாப்பாட்டைக் குறைத்தாள், எடைக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது, அதுபாட்டுக்கு ஏறியது. முடி கொட்டியது. தோல் உலர்ந்து, முழங்கையில் நகத்தால் கோலம் போடலாம் போல் ஆனது. குரல் கட்டிக் கரகரத்தது. தொலைபேசியை எடுத்து "ஹலோ" என்றால் மறுமுனையில் "மேடம் இல்லீங்களா சார்?" என்று கேட்டார்கள். வயிறு வேலைநிறுத்தம் செய்தது. அந்த விவரம் இங்கே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தூக்கம். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தால், மூட்டை தூக்கிவிட்டு வந்தவள் மாதிரி அசதி. செருப்பு மாட்டக் குனிந்தால் நிமிர மனசு வராது.

இவையெல்லாம் அவளுக்கு மட்டும் தெரிந்தவை. ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிரேக்கம்மா கத்துவதில்லை.

கத்த முடியவில்லை என்பதுதான் உண்மை. ஒருவர் சிவப்பு விளக்கில் போகப் பார்ப்பார். அவளுக்குக் கோபம் எங்கிருந்தோ கிளம்பும், பாதி வழியில் உட்கார்ந்துவிடும். "நிறுத்துங்க" என்பாள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. கால் எப்படியோ பிரேக்குக்குப் போய்ச் சேரும். முன்பு தானாகப் போன காலை இப்போது சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "மேடம், நீங்க இப்ப ரொம்பப் பக்குவமாயிட்டீங்க. ஒரு புகார்கூட இல்ல. இப்படியே இருங்க," என்றார்.

வீட்டிலும் அதே பாராட்டு. கணவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தூரப்பார்வை, கிட்டப்பார்வை என்று வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, எழுத்து தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்டுச் சரிசெய்து அனுப்புகிறவர். பெண்டாட்டியின் முகம் வீங்கி, கண் இடுங்கி, புருவத்தின் ஓரத்து முடி காணாமல் போனது மட்டும் அவருக்குத் தூரத்திலிருந்தும் தெரியவில்லை, கிட்டத்திலிருந்தும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டால் இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தேடிய நிம்மதி அது.

கல்லூரியில் படிக்கிற மகள், "அம்மா, நீ இப்போ செம கூல்," என்றாள். அது உண்மை. கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது.

மாடி வீட்டில் கணவரின் அக்கா குடியிருந்தாள். நாத்தனார் என்றாலும் நல்லவள், அதுதான் பிரச்சினை. யாருக்காவது தும்மல் வந்தால் அவள் கையில் ஏதாவது ஒரு மருந்தோடு வந்து நிற்பாள். "வயசானா அடங்கித்தானே ஆகணும்? உனக்குக் கொஞ்சம் சீக்கிரமே அடங்கிடுச்சு. நல்லதுதான்," என்று தம்பி மனைவியைத் தட்டிக்கொடுத்தாள்.

தெருமுனை டாக்டரிடமும் போய்ப் பார்த்தாயிற்று. அவர் அவளை நிமிர்ந்து பார்ப்பதற்குள் மருந்துச் சீட்டு எழுதி முடித்திருந்தார். "வயசாகுதுல்ல? தினமும் நடங்க. மனசைச் சந்தோஷமா வெச்சுக்கோங்க," என்று சத்து மாத்திரை கொடுத்தார். நடக்கத் தெம்பு இருந்தால் அவரிடம் ஏன் வரப்போகிறோம் என்று கேட்க நினைத்தாள். கேட்பதற்கும் தெம்பு வேண்டுமே.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கணக்கு வாத்தியார் விவகாரம் நடந்தது.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை மிரட்டியவர் என்பதால் தன்னை யாராவது மிரட்டினால் கைகால் உதறும். ஓட்டுநர் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்வார். சொல்லாததைச் செய்ய மாட்டார். ஒரு மத்தியானம் அவருக்குப் பாடம். பள்ளிக்கூடத் தெருவைத் தாண்டியதும் பிரேக்கம்மா, "நேரா போங்க சார். திரும்ப வேண்டிய இடத்துல சொல்றேன்," என்றாள்.

சொல்லவில்லை. தூங்கிவிட்டாள்.

வாத்தியார் நேராகப் போனார். சந்தை வந்தது, யாரும் திரும்பச் சொல்லவில்லை. மேம்பாலம் வந்தது, சொல்லவில்லை. வீடுகள் குறைந்து, கிடங்குகள் வந்து, பிறகு நான்கு வழிச் சாலையே வந்துவிட்டது. பக்கத்தில் மேடம் ஸ்வெட்டருக்குள் தலையைச் சாய்த்து அமைதியாக இருந்தார். திட்டு வரவில்லை என்றால் சரியாக ஓட்டுகிறோம் என்றுதானே அர்த்தம்? வாத்தியார் வாழ்க்கையில் முதல்முறையாக ஐந்தாவது கியர் போட்டார். ஒரு டேங்கர் லாரியை முந்தினார். விசில்கூட அடித்திருக்கிறார்.

சுங்கச்சாவடியில் கண்ணாடியைத் தட்டிய சத்தத்தில் பிரேக்கம்மா கண்விழித்தாள். முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது, பிரேக் இருக்கிறதா என்று காலால் தேடினாள்.

"சார்... எங்க இருக்கோம்?"

"தெரியலீங்க மேடம். நீங்க ஒண்ணும் சொல்லலையே, அதான் நேரா வந்துக்கிட்டே இருக்கேன்," என்றார் வாத்தியார், முகமெல்லாம் பல்லாக. "இன்னிக்குத்தான் மேடம் எனக்கு ஓட்டறதுன்னா என்னன்னே புரிஞ்சுது. நீங்க ரொம்ப நல்லாச் சொல்லிக்கொடுத்தீங்க."

இத்தனை வருஷ அனுபவத்தில் அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு, தூங்கினதற்குக் கிடைத்தது.

வாத்தியார் பள்ளிக்குத் திரும்பியதும் முதலாளியிடம் அவளைப் புகழ்ந்து தள்ளினார். முதலாளி, "நெடுஞ்சாலைப் பயிற்சியும் சேர்த்துட்டீங்களா? சொல்லவே இல்லையே! தனிக் கட்டணம் போட்டுடலாமே," என்றார். பிரேக்கம்மா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த டேங்கர் லாரி அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வேறொரு டாக்டரிடம் போனாள். சின்னக் கிளினிக். டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ஆனால் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த முதல் பார்வையிலேயே, "எவ்வளவு நாளா முகம் இப்படி இருக்கு?" என்றார்.

டாக்டரம்மா அவள் கழுத்தைத் தடவி எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளின பாதம் திரும்பி வர வேண்டுமே? ஆபீஸ் முடிந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்காதவர் மாதிரி ஆடி அசைந்து திரும்பி வந்தது.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறேன்."

டாக்டரம்மா சுத்தியலை மேசைமேல் வைத்தார். "இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு சுரப்பி வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தது. வேலை செய், வேலை செய் என்று மூளை அதைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறது, அந்தக் கத்தலின் அளவுதான் இந்த எண் என்று காட்டினார் டாக்டரம்மா. எண் இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு இருந்தது.

தன் உடம்புக்குள்ளேயும் ஒரு பிரேக்கம்மா இருந்து, இத்தனை நாளாகச் செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறாள் என்று கேட்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"தினமும் ஒரு மாத்திரை. காலையில எழுந்ததும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. டீ, காபி எதுவும்."

"டீகூடவா?"

"டீதான் முதல்ல."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"அநேகமா ஆயுசுக்கும்."

"மாத்திரையா, டீ இல்லாததா?"

"மாத்திரை. டீ ஒரு மணி நேரம்தான்." டாக்டரம்மா அப்போதுதான் லேசாகச் சிரித்தார். "உடனே எதுவும் தெரியாது. பொறுமையா இருக்கணும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்த்துட்டு அளவை மாத்தலாம். அதுவரைக்கும் ஓட்டறதும் வேண்டாம், ஓட்டக் கத்துக்கொடுக்கறதும் வேண்டாம்."

மாத்திரை மிளகைவிடச் சின்னது. அட்டையிலிருந்து பிதுக்கினால் உள்ளங்கை ரேகைக்குள் ஒளிந்துகொண்டது. இத்தனை பெரிய உடம்பை இது எப்படி இழுக்கும் என்று கணவர் கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதனால் திட்டவும் வழியில்லை.

வீட்டில் மருத்துவ மாநாடு கூடியது. கணவர் கைபேசியில் படித்துப் படித்துச் சொன்னார். முட்டைக்கோஸ் கூடாது என்றார். அடுத்த நாள் முட்டைக்கோஸ்தான் மருந்து என்றார். மகள் தினமும் காலையில் அலற ஓர் அலாரம் வைத்துக் கொடுத்தாள். அது அலறியபோது எழுந்தது பிரேக்கம்மா மட்டும்தான், வைத்தவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"ஆயுசுக்கும் மாத்திரையா? பழகிடும்டி. அப்புறம் அது இல்லாம இருக்கவே முடியாது."

"ஆமாம் அண்ணி. சோறுகூட அப்படித்தான் பழகிடுச்சு," என்றாள் பிரேக்கம்மா. பழைய பிரேக்கம்மா சொல்லியிருந்தால் நாத்தனார் பதறியிருப்பாள். ஈரத் துணி மாதிரி இருந்த அந்தக் குரலில் கேட்டபோது அது ஒப்புக்கொள்வதுபோல்தான் இருந்தது.

பள்ளியில் முதலாளி அவளைக் காரிலிருந்து இறக்கி வகுப்பறையில் உட்காரவைத்தார். போக்குவரத்துக் குறியீடுகள் பாடம். முக்கோணம் என்றால் எச்சரிக்கை, வட்டம் என்றால் கட்டளை. குச்சியை வைத்துக்கொண்டு படம் படமாகக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள், சொல்லிக்கொடுத்தவளும் விட்டாள்.

விடிந்தால் டீத் தவம். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே டீ குடித்துப் பழகினவள் அவள். இப்போது மாத்திரையை விழுங்கிவிட்டுச் சமையலறையில் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். எதிரே கணவர் வந்து அமர்ந்து, ஆவி பறக்கும் டீயை உறிஞ்சுவார். அவர் டீ குடிக்கும் சத்தம் தெருவில் போகிறவருக்கும் கேட்கும். "பாவம், உனக்குத்தான் கஷ்டம்," என்று நடுநடுவே வருத்தப்படுவார். வருத்தப்பட்டுவிட்டு இன்னொரு உறிஞ்சல்.

இந்தக் கொடுமையைப் பார்க்கச் சகிக்காமல்தான் நாத்தனார் ஓர் உபகாரம் செய்தாள். "எலும்பெல்லாம் தேய்ஞ்சிருக்கும்டி உனக்கு. நான் போடற கால்சியம் மாத்திரை இது. வெளிநாட்டுது. எப்படியும் காலையில தண்ணி குடிக்கறே, அதே தண்ணியில இதையும் போட்டுக்கோ," என்று ஒரு டப்பாவை நீட்டினாள். குதிரைக்குக் கொடுக்கிற அளவில் இருந்தது அந்த மாத்திரை. பார்த்தாலே நம்பிக்கை வந்தது. மிளகளவு மாத்திரைக்கு இது துணையாக இருக்கட்டும் என்று பிரேக்கம்மாவும் தினமும் இரண்டையும் சேர்த்தே விழுங்கினாள்.

ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்தால் எண் இருந்த இடத்திலிருந்து அசையவே இல்லை. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தினமும் போடறீங்களா?"

"ஒரு நாள்கூட விடலை டாக்டர்."

"வெறும் வயித்துல?"

"சத்தியமா. கடிகாரமே கூச்சப்படற அளவுக்கு அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"கூட வேற ஏதாவது மாத்திரை?"

"இல்ல டாக்டர். நாத்தனார் கொடுத்த கால்சியம் மட்டும்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அந்தக் கால்சியம் இதை உள்ளேயே விடாது. வாசல்லயே பிடிச்சு உட்காரவெச்சுடும். ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "நாத்தனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க," என்றார்.

ஆக, டீயையும் தியாகம் செய்து, மாத்திரையையும் விழுங்கி, பலனை மட்டும் வாசலிலேயே விட்டிருக்கிறாள். நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள், "நான் நல்லதுக்குத்தானே கொடுத்தேன்?" என்று கண் கலங்கினாள். அதற்கும் பிரேக்கம்மாதான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

குதிரை மாத்திரை டப்பா மாடிக்குத் திரும்பிப் போனது. மிளகு மாத்திரை தனியாக வேலையைத் தொடங்கியது. ஆரவாரமாக எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது ஸ்வெட்டரை மறந்துவிட்டிருந்தாள். இன்னொரு நாள் மாடிப்படி ஏறி முடித்த பிறகுதான், நடுவில் நிற்காமல் ஏறிவிட்டோம் என்று உறைத்தது. வகுப்பறையில் ஒருவர் வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ சூடாக ஏறியது. என்னவோ ஏதோ என்று பயந்துபோனாள். யோசித்துப் பார்த்தால், அது எரிச்சல். பழைய சிநேகிதியைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டில் அது முழுசாக வெளிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணவர் குளித்துவிட்டு வந்து வழக்கம்போல ஈரத் துண்டைக் கட்டில்மேல் வீசினார்.

"எடுங்க அதை!"

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் நின்றது. மாடியில் நாத்தனார் ஜன்னலைத் திறந்தாள். மகள் அறையிலிருந்து ஓடிவந்து, "அம்மா, உன் குரல்!" என்றாள். கணவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நிம்மதியின் கடைசி நாளைப் பார்க்கிறவராக நின்றார்.

டாக்டரம்மா மறுபடி ரத்தம் பார்த்து, அளவைக் கொஞ்சம் கூட்டி, குதிகாலைத் தட்டி, கார் ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்தார். பிரேக்கம்மா காருக்குத் திரும்பினாள். முதல் வாரத்திலேயே புகார்கள் வந்து குவிந்தன. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க உடம்பு இன்னும் முழுசாச் சரியாகலையோ? நடுவுல ரொம்ப நல்லா இருந்தீங்களே."

"நடுவுலதான் சார் எனக்கு உடம்பு சரியில்லை."

"அப்படியா?" என்றார் முதலாளி. அவரால் நம்ப முடியவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போகும்போது கணவரும் கூட வருவதாகச் சொன்னார். இத்தனை நாளில் ஒருமுறைகூட வராதவர். கடையைச் சாத்திவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிரேக்கம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, இந்தமுறை நல்ல விதமாக. டாக்டரம்மா எல்லாம் பார்த்து முடித்ததும் கணவர் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், இந்த மாத்திரையால ஒரு பக்க விளைவு இருக்கு. கோபம் வருது. அளவைக் கொஞ்சம்... ஒரு கால் பங்கு... குறைச்சுப் பார்க்கலாமா?"

டாக்டரம்மா முதலில் பிரேக்கம்மாவைக் கேட்டார். "படபடப்பு இருக்கா? கை நடுங்குதா? தூக்கம் வரலையா?"

"எதுவும் இல்ல டாக்டர்."

"உடம்பு சரியில்லாம போறதுக்கு முன்னாடி கோபம் வருமா?"

"நல்லா வரும்."

டாக்டரம்மா கணவர் பக்கம் திரும்பினார். "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. இது பக்க விளைவு இல்லீங்க. இது உங்க மனைவி."

திரும்பி வரும் வழியில் பிரேக்கம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. காரை அவள்தான் ஓட்டினாள். முன்னால் ஒருவர் சமிக்ஞை காட்டாமல் திரும்பினார், அப்போதும் பேசவில்லை. கணவருக்குப் பயமாகிவிட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள்.

"நான் பாதி செத்துக் கிடந்தேன். அதுதான் உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"சீச்சீ, அப்படி இல்ல..."

"எப்படி?"

கணவர் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ திட்டாம இருந்தா, எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சேன். வேற எதையும் நான் பார்க்கலை," என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையோடே, "முன் கண்ணாடி இவ்வளவு அழுக்கா இருக்கு, துடைக்கணும்னு தோணுதா உங்களுக்கு?" என்று கேட்டாள். அவர் இறங்கி, கையிலிருந்த கண்ணாடித் துணியாலேயே துடைத்தார். கண்ணாடி இன்னும் அழுக்கானது.

மறுநாள் காலையிலிருந்து கணவர் ஒரு தியாகத்தை அறிவித்தார். அவள் டீ குடிக்கும்வரை தானும் குடிப்பதில்லை. இரண்டு பேரும் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பேசுவதற்கு இவ்வளவு விஷயம் இருப்பது தெரிந்தது. கடைக்கு வந்து பேரனின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போன கிழவர், ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற பெண் என்று பேச்சு நீண்டது. அந்த வாரம் முடிவதற்குள் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. அதன்பிறகு காலையில் கொஞ்ச நேரம் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்காது. பிஸ்கட் மொறுமொறுக்கும் சத்தம் கேட்கும். வெளியே வந்து உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்மா இருக்கு?" என்று ஏக்கமாகக் கேட்பார். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. குளியலறையில் சிந்தின டீக் கறையைத் துடைக்கும்போது மட்டும் முணுமுணுத்தாள். கண்டும் காணாமல் இருப்பதில் அவளும் இப்போது தேறிவிட்டாள்.

கணக்கு வாத்தியார் தேர்வுக்கு முன்னால் கடைசிப் பயிற்சிக்கு வந்தார். நெடுஞ்சாலை வீரர் ஆகிவிட்ட பிறகு அவர் நடையே மாறியிருந்தது. ஒரு கையில் ஸ்டியரிங் பிடித்தார். "மேடம், நீங்க அன்னிக்கு மாதிரி அமைதியா இருங்க, போதும்," என்றார். பிரேக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள்.

பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்போது, நின்றிருந்த பஸ்ஸின் முன்புறத்திலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு சாலையில் இறங்கினாள். வாத்தியார் பஸ்ஸைப் பார்த்தார், பெண்ணைப் பார்க்கவில்லை. பிரேக்கம்மாவுக்கு யோசித்த ஞாபகமே இல்லை. "நிறுத்துங்க!" என்ற சத்தமும் காலும் ஒன்றாகவே பாய்ந்தன. கார் முக்கி முனகி நின்றது. பானட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கலாம். அவள் காரைப் பார்த்து நாலு வார்த்தை வைதுவிட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். குழந்தை கையசைத்தது.

வாத்தியார் முகத்தில் ரத்தமே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மேடம், அன்னிக்கு நெடுஞ்சாலையில இது நடந்திருந்தா? நீங்க அப்ப... கண்ணை மூடித்தானே இருந்தீங்க?"

"தூங்கிட்டேன் சார். உடம்பு சரியில்லை. அது தெரியாமலேயே வண்டியில ஏறிட்டேன்," என்றாள். "நடந்திருந்தா இந்நேரம் நாம ரெண்டு பேரும் வேற எங்கயோ உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்போம். இப்ப ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிங்க. அது என்ன, சுடுதா?"

வாத்தியார் இரண்டு கையாலும் பிடித்தார். அன்று அவளுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. ஆனால் டேங்கர் லாரி நினைத்துக்கொண்டு வந்து கண்ணுக்குள் நிற்பது அதோடு குறைந்தது.

தேர்வில் வாத்தியார் தேறிவிட்டார். இனிப்புப் பெட்டி எடுத்துவந்து முதலாளிக்குக் கொடுத்தார். எப்படித் தேறினீர்கள் என்று யார் கேட்டாலும், "எல்லாம் தன்னம்பிக்கைதான்," என்கிறார்.

எடை கொஞ்சம் குறைந்தது. அவள் நினைத்த அளவுக்கு இல்லை. அதற்கு மாத்திரையைக் குறைசொல்ல முடியாது, டீயோடு அவள் சாப்பிடுகிற பிஸ்கட்டைச் சொல்லலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முடி கொட்டுவது நின்று, நெற்றியோரத்தில் குட்டை குட்டையாக முளைத்து எந்தச் சீப்புக்கும் அடங்காமல் நிற்கிறது. குரல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. முதலாளி வாசல் பலகையில் "பொறுமையாக" என்ற சொல்லின்மேல் மட்டும் பள்ளியின் தொலைபேசி எண்ணை ஒட்டிவிட்டார்.

போன மாதம் நாத்தனாருக்குச் சந்தேகம் வந்தது. எனக்கும் அசதியாத்தான் இருக்கு, எனக்கும் குளிருது, எனக்கும் அதுதான் இருக்கும் என்று போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வந்தது. எல்லாம் கச்சிதமாக இருந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"அந்த லேப்ல தப்பாப் பார்த்திருப்பாங்கடி. முகத்தைப் பார்த்தாலே தெரியலை? வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"அண்ணி, நல்லாத்தானே இருக்கீங்க?"

"நீகூட என்னை நம்ப மாட்டேங்கறே பாரு."

பிரேக்கம்மா சாவியை எடுத்தாள். நாத்தனாரை முன்னிருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பினாள். தெருமுனையைத் தாண்டுவதற்குள் தப்பான பக்கத்தில் வந்த ஒரு ஸ்கூட்டருக்கும், கதவைத் திறந்துபோட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரு வேனுக்கும் கிடைக்க வேண்டியது கிடைத்தது. நாத்தனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மெதுவாடி, எனக்கு உடம்பு சரியில்லை," என்றாள்.